மூன்றாவது சுவிட்ச்

கூடத்துச் சுவரில் மோடத்தின் மூன்று பச்சை விளக்குகளும் ஒன்றாக அணைந்தன.

மடிக்கணினித் திரையில் சென்னை மேலாளரின் வாய் பாதியில் நின்றது.

அவள் அறையிலிருந்து ஓடி வந்தாள். வாசலில் மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை இன்னும் சுவரிலேயே இருந்தது.

மூன்றாவது சுவிட்சில்.

கோமதிநாயகம், மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் லைன்மேன். அவர் ஓய்வு பெற்றும் கை ஓய்வு பெறவில்லை. ஓர் இடத்தை விட்டு நகர்ந்தால், அங்கே எரிவதையும் சுற்றுவதையும் அணைத்துவிட்டுத்தான் நகரும்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு கதை சொல்வார். கம்பத்தில் ஏறுமுன் கீழே ஒரு தகரப் பலகை மாட்டுவார்களாம். 'ஆள் வேலை செய்கிறார். மின்சாரம் விடாதே.' மாட்டியவன் இறங்கி வந்து தன் கையால்தான் அதைக் கழற்ற வேண்டும். வேறு யார் தொட்டாலும் மேலே ஓர் உயிர் போய்விடும்.

அவள்தான் மறுபடி சுவிட்சைப் போட்டாள். விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர நான்கு நிமிடம் ஆயிற்று.

அதற்குள் சென்னை முடிவு செய்துவிட்டது.

வீட்டிலிருந்தே வேலை பார்க்க, வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை நெட் லைன் ஒரு தடவைகூடப் போகக் கூடாது. போனால், திங்கட்கிழமை அவள் சென்னை அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

கல்யாணமாகி எட்டு மாதம். சேர்ந்திருந்தது முப்பத்தொரு நாள்.

எண்ணி வைத்திருப்பவன் அவள் கணவன்.

அம்பாசமுத்திரத்தில் அவன் மாட்டு டாக்டர். இந்த லைனைத் தேர்ந்தெடுக்க, மாடு பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் நெட்டைப் பற்றி விசாரித்தான். எந்தக் கம்பெனி? மழைக்குத் தாங்குமா? கூப்பிட்டால் ஆள் வருமா? ஒரு வீட்டில் கன்று தானாகவே பிறந்துவிட்டது. டாக்டர் மோடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பக்கத்துத் தெரு கேபிள்காரர் அமைந்தார். வேகம் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனால் கூப்பிட்டால் கால் மணி நேரத்தில் ஏணியோடு வந்து நிற்பார்.

ஏணியைப் பார்த்ததும் மாமனாருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று.

அவள் பெட்டி மட்டும் கட்டிலுக்கடியில் இன்னும் பிரிக்காமல் கிடந்தது.

அன்று சாப்பாட்டில் அத்தைதான் போட்டுடைத்தார்.

"ஒங்க கையக் கட்டித்தான் போடணும். வந்த மருமவளத் திரும்ப ரயிலேத்தி விடப் பாக்கியளோ?"

மாமனார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

மறுநாள் முழுக்கப் பரணில் உருட்டல் சத்தம்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி. அவள் அறைக்கதவை ஒருக்களித்து வைத்தாள். இடுக்கு வழியாக மூன்று பச்சை விளக்குகள் மட்டும் தெரிந்தன.

கூடத்தில் சுத்தியல் இரண்டு தட்டு தட்டியது.

பிறகு அமைதி.

காலடிச் சத்தம் வரும்போதெல்லாம் அவள் விரல்கள் தட்டச்சை நிறுத்தின. சத்தம் சுவரருகே வந்து நிற்கும். ஒரு மூச்சு. அப்புறம் நகர்ந்துவிடும்.

பதினொரு மணிக்கு அவன் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். பன்னிரண்டுக்குப் பார்த்தான். மூன்றாம் தடவை கையில் மாட்டு ஊசியோடு வந்து நின்றான்.

"ஏல, நீ மாட்டுக்கு வைத்தியம் பாக்கியா, மோடத்துக்கா?"

அத்தை அவனை விரட்டிவிட்டு, அவளுடைய தட்டை அறைக்கே கொண்டுவந்தார். எழுந்திருக்காதே என்று கையாலேயே சொன்னார்.

நாலு மணிக்கு மலைப் பக்கம் இடி இடித்தது.

இடி என்றால் மெயின் சுவிட்சையே இறக்குகிற மனிதர் மாமனார்.

காலடி ஓடி வந்தது.

நின்றது.

அவள் விளக்குகளையே பார்த்தாள். இன்னோர் இடி. ஜன்னல் அதிர்ந்தது.

பச்சை. பச்சை. பச்சை.

ஆறு மணிக்கு மேலாளரிடமிருந்து ஒரே வரி வந்தது.

"சரி, அங்கிருந்தே பாருங்க."

அவள் கூடத்துக்கு வந்தாள்.

சுவிட்ச் பலகையை ஒட்டி மாமனார் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் தொடைக்கடியில் இருந்தன.

அவர் தலைக்கு மேலே, மூன்றாவது சுவிட்சை மறைத்தபடி, புது ஆணியில் ஒரு பழைய தகரம்.

'ஆள் வேலை செய்கிறார்.'

அந்த வரி பழையது. அதில் அவர் கை வைக்கவில்லை.

கீழ் வரியை வெள்ளையடித்து, சிவப்பில் புதிதாக எழுதியிருந்தார்.

'அணைக்காதே.'

அவர் எழுந்திருக்கவில்லை. தகரத்தைத் தொடவும் இல்லை. அவளை அண்ணாந்து பார்த்தார்.

"எறங்கிட்டியாம்மா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"எறங்கிட்டேன் மாமா."

தன் கையாலேயே கழற்றினாள். விரல்களில் ஈரச் சிவப்பு ஒட்டிக்கொண்டது.

மறு நொடி அவர் கை தொடைக்கடியிலிருந்து விடுபட்டு, சுவரைத் தேடிப் போயிற்று.

டக்.

விளக்குகள் மூன்றும் அணைந்தன. நாள் முழுக்க அடக்கி வைத்த பெருமூச்சு அவரிடமிருந்து வெளியே வந்தது. அடுப்படியிலிருந்து அத்தை தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அவள் சிரித்துக்கொண்டே அறைக்குள் போனாள். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவனுடைய பைக் வந்து நின்றது. நனைந்த சட்டையோடு கூடத்துக்குள் வந்தவன் முதலில் சுவரைப் பார்த்தான்.

ஒரு விளக்கும் இல்லை.

அப்புறம் அவளைப் பார்த்தான். அவள் பெட்டியோடு நின்றாள்.

அவன் முகம் விழுந்தது.

"எத்தன மணிக்கு ரயிலு?"

அவள் பெட்டியை அவனிடம் நீட்டினாள். பின்னால் மாமனார் பரணில் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தார்.

அவன் வாங்கினான்.

பெட்டி கனக்கவே இல்லை.