தார்ப்பாய் போர்த்திய விறகு

"கையை எடு ஜியா! ஒரு சுள்ளிகூடத் தரமாட்டேன்."

லாயக்ராம் விறகு அடுக்குக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். வீட்டில் இருந்த ஒரே புதுத் தார்ப்பாயை, பூத்து நிற்கிற ஆப்பிள் மரங்களை விட்டுவிட்டு, அந்த விறகுக்குப் போர்த்தியிருந்தார். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா என்று ஊரே முற்றத்தில் கூடிவிட்டது.

மத்தியானம் ரேடியோவில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இன்று ராத்திரியே குளிர் இறங்கும், நாளைக் காலையிலிருந்து மூன்று நாள் கீழே விடாத மழை, மேலே மலை முழுக்கப் பனி. ஏப்ரல் மாதப் பூவுக்கு இதைவிட வேறு எமன் வேண்டாம்.

மழை பிடிப்பதற்குள் தோட்டத்துக்குத் தோட்டம் தீ மூட்டிப் புகை போட்டால் பூவைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் விறகுக்கு எங்கே போவது? குளிர்காலம் முழுக்க எரித்து எல்லார் வீட்டிலும் அடுக்கு காலி.

லாயக்ராம் வீட்டில் மட்டும் ஆள் உயரத்துக்கு இருந்தது. தோட்டத்து ஓரம் பட்டுப்போய் நின்ற பழைய மரத்தை மூன்று நாளைக்கு முன்னால்தான் சாய்த்து, தனியாளாகவே பிளந்து அடுக்கியிருந்தார்.

"அண்ணே, என் மரத்தைப் பாத்தீங்கல்ல?" ஜியாலால் கெஞ்சினான். "ஆறு வருஷம் காத்துக் கெடந்து இப்பதான் முதல் பூ. இன்னிக்கு விட்டா அத்தனையும் கருகிடும்."

"கருகட்டும்."

"உங்க மரமும்தானே கருகும்?"

"அதுவும் கருகட்டும்."

"சரி, பாதியாவது குடுங்க."

"பாதி பத்தாது."

"மழை விட்டதும் ரெண்டு மடங்கா கொண்டாந்து போடறேண்ணே. கோயில் சாட்சியா சொல்றேன்."

"மழை விட்டப்புறம் கிடைச்சு எனக்கென்ன ஆகப்போகுது?" என்றவர், திடீரென்று குரலைத் தாழ்த்தினார். "ஏம்ப்பா, நாலாம் நாளாவது வெயில் வரும்னு ரேடியோவுல சொன்னாங்களா?"

"ரெண்டு மடங்கு வந்தாலும் வேணாமாம், வெயில் மட்டும் வேணுமாம்!" கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் பஞ்சாயத்து உறுப்பினர் நீர்ஜா. அவள் வாய்க்கு மைக் தேவையில்லை. "நல்லாருக்கு நியாயம்! தேவ்கி அண்ணியோட நீங்க ரெண்டு மாசம் ஷிம்லா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, உங்க மாட்டுக்குப் புல்லு அறுத்துப் போட்டது யாரு? இந்த ஜியாதானே? மறந்துபோச்சா?"

"மறக்கலம்மா. செத்தாலும் மறக்கமாட்டேன்."

"அண்ணி மட்டும் எழுந்து நடமாடியிருந்தா, இந்நேரம் தன் கையாலயே தூக்கிக் குடுத்திருப்பாங்க!"

"சத்தம் போடாதீங்க. இப்பதான் கண் அசந்திருக்கா." சாத்தியிருந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார் லாயக்ராம்.

மனைவியைக் கூட்டிவந்த அன்று அவர் ஊர் முழுக்க நல்ல சேதி சொன்னார். "டாக்டர் மருந்தையெல்லாம் நிறுத்திட்டார். பத்தியமே வேணாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஆசைப்பட்டதைச் சாப்பிடக் குடுங்கன்னு சொல்லிட்டார்!" ஊர்ப் பெண்கள் கசகசா பூரணம் வைத்து சித்தூ ரொட்டி அவித்து, சுடச்சுட நெய் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு இந்த மனுஷன் செய்கிற கைம்மாறு இது.

"அப்படி எதுக்குண்ணே இவ்வளவு விறகு?" ஜியாலால் கும்பிட்டான். "காரணத்தையாவது சொல்லுங்க, போயிடறேன்."

லாயக்ராம் வாயைத் திறந்தார். மறுபடி ஜன்னலைப் பார்த்தார். "எனக்கு வேணும்," என்றார், அவ்வளவுதான்.

"அப்போ அதைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு அழுங்க!" நீர்ஜா முந்தானையை உதறினாள். "இனிமே இந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊருல ஒரு ஆள் வரமாட்டான். கேட்டுக்குங்க!"

அந்த வார்த்தையில் மனுஷன் ஆடிப்போய்விட்டார். "அப்படி மட்டும் சொல்லாதம்மா... வராம இருந்துடாதீங்க..." என்று நீர்ஜாவைப் பார்த்துக் கைகூப்பினார். ஐம்பத்தைந்து வயது ஆள், கண்ணீர் தாடியில் வழிய நின்றார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுக்கை விட்டு ஓர் அடி நகரவில்லையே!

ஜியாலால் அதற்குமேல் கேட்கவில்லை. அங்கேயே குந்தி உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். மலை உச்சி மேகத்தில் மறைந்துவிட்டது, காற்று ஊசியாகக் குத்த ஆரம்பித்தது.

அப்போதுதான் ஜன்னல் திறந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தேவ்கி நின்றாள். எலும்பும் தோலுமாக இருந்த அவளைக் கண்டதும் நீர்ஜாகூட ஓர் அடி பின்வாங்கினாள்.

"நீ ஏன் எழுந்தே? போய்ப் படு," லாயக்ராம் பதறினார். "ஒண்ணுமில்ல, சும்மா பேசிக்கிட்டிருக்கோம்."

தேவ்கி அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"எனக்குன்னு பொளந்து வெச்ச விறகை ஜியாவுக்கே குடுத்துடுங்க, மழை விட்டு வேற விறகு காயற வரைக்கும் நான் உசுரைப் பிடிச்சு வெச்சுக்கறேன்."