ஒழுகாத பொந்து

மழைக்கு முன்னால் பொந்தைச் சரிபண்ணிவிட வேண்டுமென்று கிழ அணில் சடையாண்டி விடிந்ததுமே கிளம்பினார். தேங்காய் நார், பஞ்சு, ஈரமண் என்று பத்து நடை நடந்து கொண்டுவந்தார். அவர் வெளியே நின்று அடைக்க, மனைவி பேச்சி உள்ளே உட்கார்ந்து வெளிச்சம் வரும் ஓட்டைகளைச் சொன்னாள்.

“மேலே ஒண்ணு இருக்குங்க.”

அடைத்தார்.

“இன்னும் வெளிச்சம் வருதா?”

பேச்சி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “முன்னாடி பெருசா ஒண்ணு!” இத்தனை வருஷம் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று அவளுக்கே ஆச்சரியம்.

மிச்சமிருந்த நாரையெல்லாம் திணித்து, மண்ணை அப்பி, அழுத்திப் பூசினார். உள்ளே கும்மிருட்டு.

“இனிமே ஒரு சொட்டு உள்ளே வராது, பாரு!”

பேச்சி வாசலைத் தடவித் தடவித் தேடினாள்.

“சரிதாங்க. நீங்களுந்தான் வர முடியாது.”