நாற்பது பின்னூட்டங்கள்

தூங்கிப்போன எங்கள் வலைப்பதிவர் குழுவை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து எழுப்பியவன் நான். ஆனால் என் பதிவுக்கு ஒரு பின்னூட்டம்கூட இல்லை. அதே குழுவில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் பதிவுக்கு நாற்பது! வயிறு எரிந்தது.

தலைவலி மாத்திரை வாங்கும் சாக்கில் கடைக்கே போனேன்.

“உங்க காட்டுல மழைதான் சார்!”

அவர் குரலைத் தாழ்த்தினார். “வெளியில சொல்லிடாதீங்க. முப்பத்தொன்பது நானே வேற வேற பேர்ல போட்டது.”

“மிச்சம் ஒண்ணு?”

“அது ஒரு அனானி. பேரே போடாம பதிவுக்குப் பதிவு திட்டுறான். ஆனா ஒரு வரி விடாம படிச்சுட்டுத் திட்டுறான். அவனுக்காகத்தான் எழுதுறேன். அப்படி ஒரு வாசகன் உங்களுக்கு உண்டா?”

“இல்லையே” என்றேன்.

பாக்கெட்டில் இருந்த செல்போனில், அவருக்கான அடுத்த திட்டைப் பாதி எழுதி வைத்திருந்தேன். வயிறு இன்னும் எரிந்தது. எனக்கு மட்டும் ஏன் என்னைப் போல ஒரு வாசகன் இல்லை?