ஏழாம் பாகம்

“தரமாட்டன் ரீச்சர்.”

கஜந்தினி இப்படி முகத்துக்கு நேரே சொல்லுவாள் என்று ஐரிஸ் ரீச்சர் நினைக்கவேயில்லை. பருத்தித்துறையில் பதினெட்டு வருசமாகப் படிப்பிக்கிறா. தலையைக் குனிந்துகொண்டு மறுக்கிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறா. இவள் நிமிர்ந்து நின்றாள்.

விசயம் சின்னதுதான். பதினோராம் வகுப்பு அலுமாரியில் ரீச்சர் ஒரு குட்டி நூலகம் தொடங்கியிருந்தா. ‘சுழிக்கடல்’ கதையின் ஆறு பாகங்களையும் அதில் கொண்டுவந்து வைத்ததே கஜந்தினிதான். ஒரு தவணைக்குள் வகுப்பே அந்தக் கதைப் பைத்தியமாகிவிட்டது. கேத்திரகணிதக் கொப்பியின் பின்மட்டையில் கூட சுழிக்கடலின் வரைபடம்.

ஆறாம் பாகம் முடிகிற இடத்தில் கதாநாயகி மருதினி கயிறு அறுந்து கடலுக்குள் விழுகிறாள். மிச்சம் ஏழாம் பாகத்தில். அதுதான் கடைசி.

அந்த ஏழாம் பாகம் கொழும்பு மாமா மூலம் கஜந்தினியின் கைக்கு வந்து மூன்று கிழமை.

தனோஜன் எழும்பினான். “ரீச்சர், உவள் அதை ஒவ்வொரு நாளும் சீலைப் பைக்குள்ளை வைச்சுக் கொண்டுவாறாள். ஆரையும் தொட விடுறாளில்லை.”

“மருதினி தப்பினாளோ, இல்லையோ? அதையாவது சொல்லனடி!” கடைசி வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல்.

“சொல்லமாட்டன்.”

வகுப்பு ‘ஊ’ என்று கூவியது.

ரீச்சருக்குக் கோபம் ஏறியது. “தான் வாசிச்சு முடிச்சுப்போட்டு மற்றவையை வாய்பாக்க விடுறது என்ன பழக்கம்? வகுப்புத் தலைவி செய்யிற வேலையோ இது?”

“அப்ப வேறை ஆரும் தலைவியா இருக்கட்டும்.”

சட்டையில் குத்தியிருந்த சின்னத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள் கஜந்தினி.

“வெளியிலை போய் நில்!”

போனாள். அழவில்லை. இரண்டு பாடம் முடியுமட்டும் விறாந்தையில், தூணில்கூடச் சாயாமல் நின்றாள். அது ரீச்சருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பாடத்தை விட்டுவிட்டுத் தன்னலத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தா.

“பகிர்ந்து குடுக்கத் தெரியாதவள் எத்தினை புத்தகம் வாசிச்சும் என்ன பிரயோசனம்?”

வெளியில் கேட்க வேண்டும் என்றுதான் குரலை உயர்த்தினா.

பள்ளிக்கூடம் விட்டதும் கூப்பிட்டா. “பையைத் திற.”

“திறக்கிறன். ஆனா புத்தகத்தைப் பறிச்சியளெண்டால் அதிபரிட்டைப் போவன்.”

“போ. நானும் வாறன்.”

சீலைப் பைக்குள் கையை விட்டு ரீச்சர் வெடுக்கென்று புத்தகத்தை எடுத்தா. எடுத்த கை அப்படியே நின்றது.

கடையில் சுற்றி ஒட்டின பொலித்தீன் உறை ஒரு மூலைகூடக் கிழியாமல் இருந்தது.

“என்ன பிள்ளை இது? நீயே இன்னும் வாசிக்கேல்லையோ?”

“இல்லை.”

“மூண்டு கிழமையாவோ? அப்ப மருதினிக்கு என்ன நடந்ததெண்டு...”

“எனக்கும் தெரியாது ரீச்சர். சாப்பிடேக்கையும் அதே யோசினை, கணக்குச் செய்யேக்கையும் அதே யோசினை. வீட்டிலை வைச்சால் அண்ணை உடைச்சு வாசிச்சுப்போடுவார் எண்டுதான் கையோடை கொண்டு திரியிறன்.”

“பிறகேன் வாசிக்கேல்லை?”

“உதயகலா வரவேணும்.”

ரீச்சருக்கு ஞாபகம் வர ஒரு கணம் எடுத்தது. போன வருசம் கஜந்தினிக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை. தாய் படுக்கையில் விழ, படிப்பை விட்டுவிட்டு அரியாலைப் பக்கம் ஒரு நண்டுக் கம்பனிக்கு வேலைக்குப் போனவள்.

“ஆறு பாகமும் நாங்கள் சேந்துதான் வாசிச்சனாங்கள். அவள் ஒரு அத்தியாயம், நான் ஒரு அத்தியாயம், சத்தமா. ஒருத்தியை விட்டிட்டு மற்றவள் ஒரு பக்கமும் தட்டக்கூடாது. மூண்டு ஞாயிறும் அவளுக்கு வரக் கிடைக்கேல்லை. இந்த ஞாயிறு கட்டாயம் வாறனெண்டவள். அதுக்குள்ளை வகுப்பிலை ஒராள் வாசிச்சால் போதும், முடிவு ஊரெல்லாம் போயிடும்.”

“இதை வகுப்பிலை சொல்லியிருக்கலாமே பிள்ளை?”

“சொன்னால் எல்லாரும் ‘பாவம் உதயகலா’ எண்டுவினம். அவளுக்கு அது பிடிக்காது.”

ரீச்சர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தா. விட்டுக்கொடுக்க இன்னும் மனம் வரவில்லை.

“எண்டாலும், வகுப்பு முழுக்க அவளுக்காகக் காத்திருக்கிறது சரியோ? அவள் இப்ப எங்கடை வகுப்புப் பிள்ளை இல்லையே.”

கஜந்தினி கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

“வரவு இடாப்பிலை அவளின்ரை பேரை வெட்டினது நீங்கள் ரீச்சர். நான் வெட்டேல்லை.”