துளையுள்ள குச்சி

ஹனிசக்கிள் என்னும் பூப்புதரின் முற்றிய குச்சியை ஒடித்தால் தெரிந்துவிடும். உள்ளே கெட்டியாக இருந்தால் இந்த மலையின் செடி. துளை இருந்தால், பக்கத்தில் எதையும் வாழவிடாத அயல் கலப்பினம். நர்சரி நடத்தும் சகாயமேரி ஒடித்தாள். துளை. அடுத்த புதரிலும் துளை. பூ ஒன்றுபோல் இருக்கிறதே என்று நம்பி விதை எடுத்து, சரிவு முழுக்க அவளே நட்டவை.

"பொம்மி, பழத்தையெல்லாம் பறிச்சிரு. ஒண்ணுகூட விடாத. குருவி தின்னா விதை காட்டுக்குப் போயிரும்."

கூட வேலைக்கு வந்திருந்த பொம்மி கிளைகளை விலக்கிப் பார்த்தாள். "போன வாரம் செக்கச்செவேல்னு தொங்குச்சேக்கா. இப்ப வெறுங்காம்புதான் இருக்கு."

சகாயமேரி திரும்பிப் பார்த்தாள். பள்ளத்தாக்குக்கு அப்பால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை பரந்திருந்த சோலைக்காட்டில் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன.