அருவிக்கு அருவி நின்ற வண்டி

“அம்மா, வயரெல்லாம் நனைஞ்சிருக்கான்னு பார்க்கச் சொல்லு அவரை.”

“அதைத்தான் பார்த்துட்டு நிக்கிறேன்னு சொல்லு உன் பொண்ணுகிட்ட.”

அப்பாவும் மகளும் ஒரே பானெட்டுக்குள் தலையை நுழைத்திருந்தார்கள். நடுவில் ஒரு முழ இடைவெளிகூட இல்லை. ஆனாலும் பேச்சு மட்டும் பின்னால் பாறையில் உட்கார்ந்திருந்த அம்மா வழியாகச் சுற்றிக்கொண்டு போனது.

“ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? நடுவுல நான் எதுக்குத் தபால்காரி மாதிரி?” என்றாள் அவள்.

பம்புக்காரரான அப்பாவுக்கு எரிச்சலாக வந்தது. பழுதான பம்பு ஓடும் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். இந்தப் பழைய கார் அவருக்குத் தண்ணி காட்டியது. ஒரு முனகல் இல்லாமல் மலையேறி வந்த வண்டி. அருவியைப் பார்த்துவிட்டு வந்து, மனைவியிடமிருந்து சாவியை வாங்கித் திருகினால், ஸ்டார்ட்டர் கிர்ரென்று சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது.

எரிச்சலுக்கு அடியில் வேறொரு பாரமும் இருந்தது. பட்டறையில் அவர் பக்கத்தில் நின்று பம்பைப் பிரிக்கக் கற்றுக்கொண்டவள் மகள். கடைசியில், பம்பு வடிவமைக்கிற வேலை கிடைத்தது என்று தூரதேசம் கிளம்பினாள். “போறதுன்னா என்கூடப் பேசாதே” என்று ஒரு கோபத்தில் சொல்லிவிட்டார். அவளும் அப்பன் பிள்ளைதானே, அப்படியே செய்தாள். அடுத்த வாரம் விமானம். அதற்குள் ஒரு வார்த்தை பேசாவிட்டால், அந்தக் கோபம்தான் அவளோடு விமானம் ஏறும். பேச அவருக்கு வாய் வரவில்லை. மூன்று பேரும் சேர்ந்து நாலு அருவி பார்த்துவிட்டு வரலாம் என்று மனைவி பிடிவாதம் பிடித்ததால்தான் இந்தப் பயணமே.

“சாரல்தான் காரணம்” என்றார் பானெட்டைப் பார்த்து. “அருவித் தண்ணி பொடிப்பொடியாப் பறந்து வந்து வயர்ல படியும். தீப்பொறி எஞ்சினுக்குப் போய்ச் சேராம வழியிலேயே கசிஞ்சிடும். காய்ஞ்சா தானா சரியாயிடும்.”

“காத்து அந்தப் பக்கமா அடிக்குது. சாரல் இங்க எப்படி வரும்?” என்றாள் மகளும், பானெட்டிடம்.

வெகுநேரம் கழித்து மனைவி எழுந்து வந்தாள். “கொடுங்க, நான் ஒரு தடவை திருகிப் பார்க்கிறேன்.” முதல் திருகிலேயே எஞ்சின் உறுமியது.

“பார்த்தியா, காய்ஞ்சிடுச்சு” என்றார் அவர்.

மறுநாள் காட்டுக்குள் இன்னொரு அருவி. அவர் முன்னெச்சரிக்கையாகப் பானெட்டைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, தண்ணீரில் விழுந்துவிடக் கூடாதென்று சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவளுக்கு முழங்கால் வலி, அவள் இறங்கவில்லை. திரும்பி வந்து சாவியை வாங்கித் திருகினார். கிர்ர்... அவ்வளவுதான். ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

“அப்பா, இது சாரல் இல்லப்பா.”

அவர் கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் கீழே விழுந்தது. ‘அப்பா’ என்ற சொல்லைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

“அப்ப வேற என்னம்மா?”

“பெட்ரோல் சூட்டுல ஆவியாகி குழாய்ல அடைச்சிருக்கலாம். பம்புல காத்து புகுந்தா தண்ணி ஏறாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?”

பெட்ரோல் குழாயில் ஈரத்துணி சுற்றினார்கள். அது குளிர்வதற்குக் காத்திருந்தபோது, அவர் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

“நீ போயிட்டா பட்டறையில யார்கூடச் சண்டை போடறதுன்னு பயந்துட்டேன். அதான் அப்படிக் கத்திட்டேன். மனசுல வச்சுக்காதே கண்ணு.”

“அங்க ஒருத்தருக்கும் சண்டை போடத் தெரியாதாம்ப்பா. தினம் போன்ல உங்ககூடத்தான் போட்டாகணும்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள். மனைவி வந்து திருகினாள். வண்டி கிளம்பியது.

“எல்லாம் உங்க அம்மா கைராசி!”

மூன்றாவது அருவியிலும் அதே கதை. இந்த முறை இருவரும் வழி நெடுக ஆளுக்கொரு காரணம் சொல்லி, யார் சொன்னது சரி என்று பந்தயம் கட்டிக்கொண்டே பானெட்டைத் திறந்தார்கள்.

கடைசி அருவியிலிருந்து திரும்பி வந்து, கையைத் தேய்த்துக்கொண்டு சாவியைத் திருகினார். எஞ்சின் உடனே பிடித்தது.

“ச்சே!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். வண்டியை அணைத்துவிட்டு, இன்னொரு தரம் அருவியைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

அடுத்த வாரம் மகளை விமானம் ஏற்றிவிட்டு வீடு திரும்பியதும், பம்புக்காரர் காரின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

“ஏங்க, அதை மெக்கானிக்கிட்ட காட்ட வேண்டாமா?”

“காட்டறதா? இது கெட்டுப்போகலன்னா என் பொண்ணு பேசாமலே போயிருப்பா. இதுக்குக் கோயில் கட்டணும்! என்ன, ஏன் நின்னுச்சுன்னு தெரியாமதான் எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது.”

மனைவி கைப்பையைத் துழாவி, கார் சாவியைப் போலவே இன்னொரு சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“சாவிக்கடையில வெட்டி வாங்கினேன், வண்டி அடையாளம் கண்டுக்கிற சிப் உள்ளே கிடையாது. கதவு திறக்கும், ஸ்டார்ட்டர் சுத்தும், ஆனா எஞ்சின் பிடிக்காது. நான் திருகினதெல்லாம் அசல் சாவியால. உங்க ரெண்டு பேர் பேச்சும் பிடிக்கிற வரைக்கும் இதைத்தான் உங்ககிட்ட கொடுத்தேன்.”