அடிபட்ட அழகு

“வாயைத் திறக்காதீங்க டீச்சர்” என்றார் பல் டாக்டர்.

வாரத்தில் ஆறு நாள் ‘நல்லாத் திறங்க, இன்னும் கொஞ்சம்’ என்று ஊரைப் படுத்தியெடுப்பவர், ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் இப்படி மாறிவிடுவார். அன்று மாடியிலிருக்கும் அவருடைய கிளினிக்குக்கு விடுமுறை. பல் பிடுங்கும் நாற்காலியைச் சுற்றி ஸ்டூல்களைப் போட்டுக்கொண்டு, குட்டிக் கார் செய்பவர்களின் சங்கம் கூடும்.

சங்கம் என்றால் நாலே பேர். தலைவர் டாக்டர், மோதிய வண்டிகளைப் பார்த்து நஷ்டம் மதிப்பிடும் இன்சூரன்ஸ்காரர், டாக்டரின் மைத்துனன், போன மாதம் சேர்ந்த கணக்கு டீச்சர். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி உள்ளங்கை அகலத்தில் ஒரு கார் செய்வது, பொறுமை இருந்தால் யாருக்கும் வந்துவிடும். அப்படிப் பளபளவென்று செய்த காரைத் துருவும் சேறும் நசுங்கலுமாக, வாழ்க்கையில் நிறைய அனுபவித்துவிட்ட கார் மாதிரி ஆக்குவதுதான் வித்தை.

அந்த வித்தைக்கு வருஷம் ஒருமுறை போட்டி, ஒரு ஷீல்டு. தொடர்ந்து ஐந்து முறை ஜெயிப்பவருக்கு ஷீல்டு நிரந்தரச் சொந்தம். டாக்டர் நாலு முறை ஜெயித்திருந்தார். பல்லைக் குடையும் மெஷினால் பம்பரைக் குடைபவரோடு மற்றவர்கள் எப்படி மோதுவது? ஐந்தாவதை எதிர்பார்த்து வீட்டு வரவேற்பறையில் ஆணி அடித்தாகிவிட்டது. இந்த வருஷத்துக்கு அவர் செய்த துருப்பிடித்த ஜீப், மார்க்கெல்லாம் வாங்கி முடித்து, கிளினிக் மேஜையில் ஷீல்டுக்குப் பக்கத்தில் உறவு கொண்டாடிக்கொண்டு நின்றது. பாக்கி டீச்சர் மட்டும்தான்.

சங்கத்துக்கு இரண்டு விதிகள். முதல் சுற்றில் காரைக் காட்டக் கூடாது, அதன் போட்டோவை மட்டும் காட்ட வேண்டும்; நிஜ வண்டி என்று கண் ஏமாந்தால்தான் மார்க். இரண்டாவது, மார்க் போட்டு முடியும்வரை செய்தவர் பேசக் கூடாது. இன்சூரன்ஸ்காரர் ஒரு கதவுக் கைப்பிடியைப் பற்றி முக்கால் மணி நேரம் விளக்கிய அன்று பிறந்த விதி அது.

டீச்சர் தாமதமாக, மூச்சு வாங்க மாடியேறி வந்திருந்தார். ஒரு கையில் கார் சாவி. கக்கத்தில், கட்டிய கயிறு அவிழ்க்காத அட்டைப்பெட்டி. வந்ததும் வராததுமாக, “சார், இதைப் பாத்துட்டு நீங்க கோவிச்சுக்கக் கூடாது” என்று செல்போனை நீட்டினார். டாக்டருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ‘உன்னை ஜெயித்துவிட்டேன்’ என்பதை இத்தனை பணிவாக அவரிடம் யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இரண்டாம் விதியை உடனே நினைவுபடுத்தினார்.

போட்டோவில் ஒரு காரின் பின்மூலை மட்டும் இருந்தது. பம்பர் ஒரு பக்கம் கழன்று தொங்க, விளக்கு சில்லுசில்லாகி, டிக்கி வயிறு ஒட்டிப் போயிருந்தது. சாயங்கால வெளிச்சத்தில் நிறம்கூடப் பிடிபடவில்லை. டாக்டர் ஓட்டுகிற அதே ரகம். தெருவுக்கு நாலு நிற்கும் ரகம்.

இன்சூரன்ஸ்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார். ஆபீஸுக்கு வந்திருந்தால் மறுபேச்சில்லாமல் நஷ்டஈடு எழுதியிருப்பேன் என்று சொல்லிப் பத்துக்குப் பத்து போட்டார்.

மைத்துனன் படத்தையும் அக்கா புருஷனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். “அக்கா சோறு போடலைன்னாலும் பரவாயில்லை மாமா. இதுக்குக் குறைச்சுப் போட எனக்கு மனசு வரலை” என்றான். இன்னொரு பத்து.

இனி ஷீல்டைக் காப்பாற்ற டாக்டரின் மார்க் ஒன்றுதான் மிச்சம். போட்டியிடுபவரே நடுவராக இருக்கலாமா என்று விதிகளில் எதுவும் இல்லை. விதிகளை எழுதியவர் டாக்டர்.

கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, சொத்தை தேடுகிற மாதிரி குறை தேடினார். விளக்குச் சில்லுகள் ரொம்பப் பெரிதாம். கீறல்கள் ஒரே திசையில் ஓடுகின்றனவாம். டிக்கியில் மிகை நடிப்பு தெரிகிறதாம். டீச்சர் இரண்டு தடவை விரலைத் தூக்கினார். இரண்டு தடவையும் டாக்டர் தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். மூன்றாவது தடவை டீச்சர் தவிப்போடு ஜன்னலைக் காட்டினார். வெயில் கண்ணைக் கூசுகிறது போலிருக்கிறது என்று டாக்டர் எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டு வந்தார்.

“எட்டு வருஷமா இதே வண்டியை ஓட்டறேன் டீச்சர். இதோட ஒவ்வொரு அங்குலமும் எனக்குத் தெரியும். இப்படி நசுங்கவே நசுங்காது.”

இன்சூரன்ஸ்காரர் மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். நாளைக் காலை தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போகிறவர் இவர்தான் என்பது ஞாபகம் வர, எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

டாக்டர் போனைத் திருப்பிக் கொடுத்தார். தோற்கப் போகிறவர்களுக்கென்று வைத்திருக்கும் கனிவு குரலில் வந்துவிட்டது. “எல்லாம் இருக்கு, உயிர் இல்லை. அடிபட்ட வண்டியைப் பாத்தா வயித்தைக் கலக்கணும். எனக்கு ஒண்ணுமே ஆகலையே. மூணு மார்க்.”

ஜீப் ஒரே மார்க்கில் தப்பித்தது. டாக்டர் ஷீல்டை எடுத்து, சட்டைக் கையால் ஒரு துடை துடைத்து, மடியில் வைத்துக்கொண்டார். ஜெயித்த பிறகு பெருந்தன்மை தானாக வந்தது.

“இப்ப தாராளமா வாயைத் திறக்கலாம். எதை வெச்சு இப்படி நசுக்கினீங்க?”

டீச்சர் போய் ஜன்னல் திரையை விலக்கினார்.

“என் காரை வெச்சு சார்... ரிவர்ஸ் எடுக்கறப்போ, கீழ நின்ன உங்க காரை.”